விமானத்தில் இறங்கி, கப்பலில் ஏற எவ்வளவு நேரம் வேண்டும்?

வாசகர் கேள்வி – பதில்

சென்னை, திருச்சி, கோவையிலிருந்து சிங்கப்பூர் போய், அங்கே சொகுசுக் கப்பல் ஏறும் குடும்பங்கள் பெருகிவிட்டன. இந்த முறை கேள்விகள் எல்லாமே விமானத்துக்கும் கப்பலுக்கும் நடுவே விட வேண்டிய நேரம் பற்றியவை.

கேள்வி: அப்பா, அம்மா (இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது), கணவர், நான், ஐந்து வயது மகள் என ஐந்து பேர் சிங்கப்பூரில் கப்பல் ஏறப்போகிறோம். திருச்சி விமானம் காலை 11.20-க்குத் தரையிறங்கும். கப்பல் மாலை 5 மணிக்கு. "ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது, தாராளம்" என்கிறார் ஏஜென்ட். நம்பிப் போகலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: வேண்டாம். டிக்கெட் போடுவதற்கு முன் கேட்டீர்களே, அது நல்லதாயிற்று.

5 மணி என்பது கப்பல் கரையை விட்டு நகரும் நேரம். உங்களுக்கு வேண்டியது செக்-இன் கவுன்டர் மூடும் நேரம். அது 60 முதல் 90 நிமிடம் முன்னதாகவே வந்துவிடும். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உங்கள் கப்பல் டிக்கெட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். 90 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் உங்கள் கெடு 3.30. கவுன்டரை மூடியதும் பயணிகள் பட்டியலை முடித்துவிடுவார்கள். அதன்பிறகு கப்பல் கண்ணெதிரே நின்றாலும் ஏற்ற மாட்டார்கள்.

இனி விமானப் பக்கம் வருவோம். 11.20-க்குச் சக்கரம் தரையைத் தொட்டால், வாசலில் வந்து நின்று கதவு திறக்க 10, 15 நிமிடம். பெரியவர்களுக்குச் சக்கர நாற்காலி கேட்டிருந்தால், மற்றவர்கள் எல்லாம் இறங்கிய பிறகுதான் அவர்கள் முறை. அங்கே 20 நிமிடம் போகும். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் வெளிநாட்டவரும் தானியங்கி வாயில் வழியாக விரைவாகப் போய்விடலாம். ஆனால் ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு அந்த வழி கிடையாது. மகளுக்காக நீங்கள் ஆள் இருக்கும் கவுன்டரில்தான் நிற்க வேண்டும். கூட்டம் இருந்தால் 45 நிமிடம் ஆகலாம். பெட்டி எடுக்க இன்னும் கொஞ்சம். சிங்கப்பூரில் சாதாரண டாக்சியில் நான்கு பேருக்குத்தான் இடம். ஐந்து பேரும் பெட்டிகளும் என்றால் ஆறேழு பேர் ஏறும் மாக்சி கேப் வேண்டும், அல்லது இரண்டு டாக்சி. வண்டி கிடைத்தபின் மரினா பே கப்பல் முனையத்துக்கு 25, 30 நிமிட ஓட்டம். எல்லாம் கூட்டினால் இரண்டரை மணி நேரம். கப்பல் முனையத்தில் நிற்கும்போது மணி 1.50.

ஆக, ஏஜென்ட் சொன்ன ஐந்தரை மணி நேரத்தில் உங்கள் கையில் மிஞ்சுவது ஒரு மணி 40 நிமிடம். திருச்சியில் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்பினால் கணக்கு தீர்ந்தது.

மணிக்கணக்கை விட முக்கியமான ஒன்று உண்டு. இந்த விமானம் ரத்தானால் அடுத்த விமானம் எது, அதில் ஐந்து இடம் கிடைக்குமா, அது 3.30-க்கு முன் உங்களைக் கொண்டு சேர்க்குமா? நாங்கள் எந்தப் பயணத்தையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோடுவோம். காலை விமானம் போய்விட்டால், அடுத்து எது கிளம்பினாலும் சிங்கப்பூர் சேரப் பிற்பகல் தாண்டிவிடும். அப்படியானால் நடுவில் எத்தனை மணி நேரம் இருந்தாலும் அது போதாது. முந்தின நாளே போய் ஓர் இரவு தங்குங்கள். சிங்கப்பூரில் ஐந்து பேருக்கு அறை எடுப்பது சின்னச் செலவு அல்லதான். ஆனால் கப்பலைத் தவறவிட்டால் 'நோ ஷோ' (வராதவர்) என்று எழுதிவிடுவார்கள். ஐந்து பேருக்குக் கட்டிய பணத்தில் பெரும்பாலும் எதுவுமே திரும்பாது.

தங்குவதற்கு வழியே இல்லையென்றால், முந்தின இரவு விமானம். சென்னையில் 11.30-க்குக் கிளம்பினால், நாலேகால் மணி நேரப் பறப்பும் இரண்டரை மணி நேர வித்தியாசமும் சேர்ந்து சிங்கப்பூரில் காலை 6.15. "முந்தின நாளே கிளம்பிவிட்டோம்" என்று தோன்றும். உண்மையில் கப்பல் நாளன்றுதான் இறங்குகிறீர்கள். இருந்தாலும் ஐந்தாறு மணி நேரத் தாமதத்தை இது தாங்கும். உங்கள் 11.20 விமானம் தாங்காது.

எந்த முனையம் என்பதையும் பார்த்துவிடுங்கள். சிங்கப்பூரில் கப்பல் முனையம் இரண்டு: மரினா பே குரூஸ் சென்டர், ஹார்பர்ஃபிரண்டில் உள்ள சிங்கப்பூர் குரூஸ் சென்டர். "குரூஸ் சென்டர் போங்க" என்று மட்டும் சொன்னால் ஓட்டுநர் எதற்கு வேண்டுமானாலும் விடலாம். எம்ஆர்டி ரயிலில் போகிறவர்கள் மரினா பே என்ற நிலையத்தில் இறங்கிவிடக் கூடாது. சிவப்புத் தடத்தின் கடைசி நிலையமான மரினா சவுத் பியர்தான் கப்பல் முனையத்துக்கு அருகில்.

கேள்வி: காலை 6 மணிக்கே சாங்கியில் இறங்கிவிடுவோம். கப்பல் நிறுவனம் எங்களுக்குக் கொடுத்திருக்கும் நேரம் பகல் 1 மணி. சீக்கிரம் போனால் உள்ளே விடுவார்களா?
– வாசகர், தாம்பரம்

பதில்: பெரும்பாலும் விட மாட்டார்கள். முந்தின பயணத்துக்காரர்கள் அன்று காலைதான் இறங்கிக்கொண்டிருப்பார்கள். கூட்டத்தைப் பிரிக்கத்தான் நேரம் குறித்துக் கொடுக்கிறார்கள். குறித்த நேரத்துக்குக் கொஞ்சம் தாமதமாகப் போனால் பாதகமில்லை, கவுன்டர் மூடுவதற்குள் போய்விட்டால் சரி. அதுவரை சாங்கியிலேயே கட்டணப் பெட்டிக் காப்பகத்தில் பெட்டிகளைப் போட்டுவிட்டு, முதலாம் முனையத்தை ஒட்டிய ஜுவல் வணிக வளாகத்தில் குளித்து, சாப்பிட்டு, இளைப்பாறலாம். 11.30 வாக்கில் பெட்டிகளை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

கேள்வி: ரோமில் கப்பல் ஏறுகிறோம். கோவை – சென்னை ஒரு டிக்கெட். சென்னை – பிராங்க்ஃபர்ட் – ரோம் தனி டிக்கெட். கப்பல் நாளன்று பகல் 11 மணிக்கு ரோமில் இறங்குகிறோம். கப்பல் மாலை 6 மணிக்கு. நேரம் போதுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இதில் மூன்று இடங்களில் கயிறு அறுந்துபோகலாம்.

முதல் இடம் சென்னை. இரண்டு டிக்கெட்டும் தனித்தனி பிஎன்ஆர் என்றால், கோவை விமானம் தாமதமானதற்கு பிராங்க்ஃபர்ட் விமான நிறுவனம் பொறுப்பேற்காது. நீங்கள் வரவில்லை என்று எழுதி, முழு டிக்கெட்டையும், திரும்பும் பயணத்தையும் சேர்த்து ரத்து செய்துவிடும். பெட்டியையும் சென்னையில் எடுத்து மறுபடி போட வேண்டும். ஒரே பிஎன்ஆரில் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றி விடுவது அவர்கள் கடமை. தனி டிக்கெட்டை மாற்ற முடியாது என்றால் சென்னைக்கு ரயிலில் முந்தின நாளே வந்துவிடுங்கள்.

இரண்டாவது இடம் பிராங்க்ஃபர்ட். ஷெங்கன் நாடுகளுக்குள் (ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகள்) முதலில் கால் வைக்கும் இடத்தில்தான் குடிநுழைவுச் சோதனை. உங்களுக்கு அது ரோமில் இல்லை, பிராங்க்ஃபர்ட்டில். 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய எல்லைகளில் ஈஇஎஸ் என்ற புதிய பதிவு முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். முதல் முறை நுழையும் வெளிநாட்டவரின் முகப் படத்தையும் நான்கு விரல் ரேகைகளையும் எடுக்கிறார்கள்; 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ரேகை இல்லை. வரிசை நீளும். அங்கே விமானம் மாற ஒன்றேகால் மணி நேரம் என்று டிக்கெட்டில் இருந்தால் எடுக்காதீர்கள். இரண்டரை மணி நேரமாவது கேளுங்கள். துபாய், தோஹா வழியாகப் போகிறவர்களுக்கு இதே வரிசை ரோமில் வரும்.

மூன்றாவது, ரோமில் கப்பல் துறைமுகமே இல்லை. கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியா. ரோமின் ஃபியுமிச்சினோ விமான நிலையத்திலிருந்து சாலை வழி சுமார் 65 கிலோமீட்டர், காரில் ஒரு மணி நேரம். ரயிலில் போனால், நகரின் மைய ரயில் நிலையமான ரோம் டெர்மினி வரை நிற்காமல் போகும் லியோனார்டோ எக்ஸ்பிரஸில் ஏறாதீர்கள். ஊருக்குள் போய்த் திரும்பி வரும் வேலை அது. எஃப்எல்1 உள்ளூர் ரயிலில் டிராஸ்டெவெரே நிலையம் வரை போய், அங்கே சிவிட்டாவெக்கியா ரயிலுக்கு மாறுங்கள். காத்திருக்கும் நேரத்தோடு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். அங்கிருந்து லார்கோ டெல்லா பாச்சே என்ற இடத்துக்குப் போனால், கப்பல் நிற்கும் மேடைக்குப் பேருந்து உண்டு. இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும், முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வேலை நாட்களில் காலை 6–9, மாலை 6–9 ஆகிய நேரங்களில் உள்ளூர் ரயில்கள் ஓடும் என்று உத்தரவாதம் இருக்கிறது. பகலில் இறங்கும் உங்களுக்கு அதனால் பயனில்லை. அன்று காருக்குச் சொல்லிவைப்பதுதான் வழி.

ஐரோப்பாவுக்கு எங்கள் கணக்கு எப்போதும் முழுதாக ஒரு நாள் இடைவெளி. விமானத்துக்காக மட்டுமல்ல, பெட்டிக்காகவும்தான். இடையில் விமானம் மாறும் பயணத்தில் ஆள் வந்து பெட்டி வராமல் போவது நடக்கிறது. பல சமயம் மறுநாள் வந்துவிடுகிறது. மறுநாள் நீங்கள் ரோமில் இருந்தால் கையில் கிடைக்கும். நடுக்கடலில் இருந்தால் கிடைக்காது.

கேள்வி: அப்படிப் பெட்டி வராமலே போய், அன்று மாலை கப்பல் ஏறியாக வேண்டும் என்றால் என்ன செய்வது?
– வாசகி, மதுரை

பதில்: பெட்டி வரும் கூடத்தை விட்டு வெளியே வராதீர்கள். அங்கேயே விமான நிறுவனத்தின் கவுன்டரில் பிஐஆர் எனப்படும் புகார்ப் படிவத்தை எழுதி, அதன் எண்ணை வாங்குங்கள். போர்டிங் பாஸில் ஒட்டிய பெட்டிச் சீட்டு இல்லாமல் இது நகராது, அதைத் தொலைத்துவிடாதீர்கள். முகவரி கேட்கும் இடத்தில் வீட்டு முகவரியை மட்டும் எழுதினால் பெட்டி மதுரைக்கே போய்விடும். கப்பலின் பெயர், கேபின் எண், எந்தத் தேதியில் எந்தத் துறைமுகம் என்ற பட்டியல் மூன்றையும் கொடுங்கள். கப்பல் ஏறியதும் அங்குள்ள வரவேற்புக் கவுன்டரில் பிஐஆர் நகலைக் கொடுத்தால், அடுத்த துறைமுகத்தில் உள்ள தங்கள் முகவர் வழியாகப் பெட்டியை வாங்க முயல்வார்கள்.

அவசரத்துக்கு வாங்கும் துணிமணி, பல்துலக்கி வரை எல்லாவற்றுக்கும் ரசீது வையுங்கள். பன்னாட்டு விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி தாமதமான பெட்டிக்கான புகாரை, பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். சேதம் என்றால் 7 நாட்கள். இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு), இன்றைய மதிப்பில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். அது உச்சவரம்புதான், ரசீது காட்டிய அளவுக்குத்தான் பணம் வரும்.

கிளம்பும்போதே கணவர் துணியில் பாதியை உங்கள் பெட்டியிலும், உங்களுடையதில் பாதியை அவர் பெட்டியிலும் வைத்துவிட்டால், ஒன்று வராவிட்டாலும் இருவருக்கும் மாற்றுடை இருக்கும். மருந்து முழுவதும் கைப்பையில். கப்பல் முனைய வாசலிலும் பெட்டியை வாங்கிக்கொள்வார்கள், கேபினுக்கு வர மாலை ஆகிவிடும். அந்தப் பெட்டிக்குள் பாஸ்போர்ட்டை வைத்துக் கொடுத்துவிட்டு, செக்-இன் வரிசையில் கையைப் பிசைந்து நிற்பவர்கள் உண்டு. தண்ணீர் சுடவைக்கும் காயில், இஸ்திரிப் பெட்டி, சின்ன ரைஸ் குக்கர் எதுவும் வேண்டாம். தீ அபாயம் என்று கப்பலில் பெட்டியை நிறுத்திவைத்துவிடுவார்கள்.

கேள்வி: விமானம் தாமதமாகிக் கப்பல் போய்விட்டால் அடுத்த துறைமுகத்தில் ஏறிக்கொள்ளலாம்தானே?
– வாசகர், வேலூர்

பதில்: சில நேரம் முடியும், அதற்கு மூன்று பேர் தலையசைக்க வேண்டும்: கப்பல் நிறுவனம், அந்த நாட்டின் குடிநுழைவுத் துறை, அந்த நாட்டின் கப்பல் சட்டம். உதாரணமாகச் சிங்கப்பூரில் தவறவிட்ட கப்பல் மறுநாள் பினாங்கு போகிறது என்றால், விமானத்தில் ஒன்றரை மணி நேரத்தில் பினாங்கு போய்விடலாம். ஆனால் மலேசியாவுக்குள் விமானம் வழியாக நுழையத் தேவையான ஆவணங்கள் உங்களிடம் இருக்க வேண்டும். கப்பல் நிறுவனமும் அங்கே ஏற்ற முன்கூட்டியே சம்மதித்திருக்க வேண்டும். செலவெல்லாம் உங்களுடையது.

அமெரிக்காவில் இது இன்னும் கடினம். அங்கே கப்பல் கிளம்புவதற்கு 60 நிமிடம் முன்பே பயணிகள் பட்டியல் அரசுக்குப் போயாக வேண்டும், அதனால் கெடுவில் ஒரு நிமிடம்கூடத் தளர்வு கிடைக்காது. 1886-ஆம் ஆண்டின் பயணிகள் கப்பல் சட்டம் ஒன்றும் இருக்கிறது. வெளிநாட்டில் பதிவான கப்பல், ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை வேறோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கக் கூடாது; நடுவே தொலைதூர வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொட்டிருந்தால் மட்டுமே விலக்கு. மயாமியில் கிளம்பி, கீ வெஸ்ட், பிறகு மெக்சிகோவின் கொசுமெல், திரும்ப மயாமி என்று ஒரு பயணம். மயாமியில் தவறவிட்டு கீ வெஸ்ட்டில் ஏறினால், நீங்கள் கீ வெஸ்ட்டில் ஏறி மயாமியில் இறங்கியவர் ஆகிவிடுகிறீர்கள். கொசுமெல் தொலைதூரக் கணக்கில் வராது. ஆகவே ஏற்ற மாட்டார்கள். மகன், மகளைப் பார்க்க அமெரிக்கா போய் அங்கிருந்து கப்பல் ஏறும் பெற்றோர் இதை மனத்தில் வையுங்கள். பனிக்காலத்தில் நியூயார்க், சிகாகோவிலிருந்து கப்பல் நாளன்று காலை விமானம் பிடிப்பதை நாங்கள் பரிந்துரைப்பதே இல்லை.

தாமதம் தெரிந்த நிமிடமே கப்பல் நிறுவனத்தின் அவசர எண்ணை அழையுங்கள், இறங்கிய பிறகு அல்ல. விமான டிக்கெட்டைக் கப்பல் நிறுவனம் வழியாகவே எடுத்திருந்தால், அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டு சேர்க்கும் பொறுப்பைச் சில நிறுவனங்கள் ஏற்கின்றன. அதன் விதிகளைப் பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்குங்கள். தனியாக எடுத்தவர்களுக்கு அந்த உதவி கிடையாது.

கேள்வி: திரும்பும் நாளில் கப்பல் காலை 7 மணிக்குச் சிங்கப்பூர் வந்துவிடும். 10.15 விமானம் மலிவாக இருக்கிறது. எடுக்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: எடுக்காதீர்கள். 7 மணிக்குக் கப்பல் கரை சேர்ந்தாலும் அதிகாரிகள் அனுமதித்த பிறகுதான் ஆட்கள் இறங்க முடியும். ஆயிரக்கணக்கானவர்கள் வரிசை வரிசையாக இறங்குவார்கள். முந்தின இரவு கேபின் வாசலில் பெட்டியை வைத்துவிட்டால் உங்கள் பெட்டியில் கட்டிய அட்டையின் நிறத்தைச் சொல்லி அழைக்கும்வரை காத்திருக்க வேண்டும். எல்லாப் பெட்டியையும் நீங்களே இழுத்துக்கொண்டு இறங்கினால் முதலில் போகலாம். விமான கவுன்டரோ 60 நிமிடம் முன்பே, 9.15-க்கு மூடிவிடும். பகல் 1 மணிக்குப் பிறகு கிளம்பும் விமானமாகப் பாருங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். கப்பலில் திரும்புவதும் சிங்கப்பூருக்குள் நுழைவதுதான். ஆகவே உங்கள் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவதற்கானதாக இருக்க வேண்டும்: விமானத்தில் ஒரு முறை, கப்பலில் ஒரு முறை. சிங்கப்பூருக்குள் நுழைய இணையத்தில் நிரப்பும் எஸ்ஜி அரைவல் கார்டையும் இரண்டாவது தடவை நிரப்ப வேண்டும், வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள். அது இலவசம், பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அரசுத் தளம் அல்ல.

கேள்வி: சென்னையிலிருந்து மும்பை போய் அங்கே கப்பல் ஏறுகிறோம். உள்நாடுதானே, காலை விமானம் போதாதா?
– வாசகர், அண்ணா நகர்

பதில்: ஒரு நாளில் சென்னை – மும்பை விமானங்கள் நிறைய இருப்பதால் இங்கே அடுத்த விமானக் கணக்கு உங்களுக்குச் சாதகம். விடிகாலையில் கிளம்பும் முதல் விமானத்தைப் பிடித்தால் பெரும்பாலும் போதும், மழைக்காலம் தவிர. கவனிக்க வேண்டியது எந்த விமான நிலையம் என்பது. 2025 டிசம்பரிலிருந்து நவி மும்பையிலும் விமானங்கள் இறங்குகின்றன. டிக்கெட்டில் பிஓஎம் என்று இருந்தால் பழையது, என்எம்ஐ என்று இருந்தால் நவி மும்பை. பழைய நிலையத்தில் இறங்கினால் சாலை நெரிசலை நம்ப வேண்டியதில்லை. அங்குள்ள இரண்டு விமான முனையங்களிலும் நிற்கும் மெட்ரோ மூன்றாம் தடத்தில் சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்) வரை வந்து, அங்கிருந்து கப்பல் முனையம் இருக்கும் பல்லார்ட் பியருக்கு டாக்சியில் சில நிமிடம்தான்.

கேள்வி: டிசம்பர் கடைசியில் சென்னையிலிருந்து சிங்கப்பூர் போய்க் கப்பல். பயணக் காப்பீடு எடுத்திருக்கிறோம். அதற்கு மேலும் ஒரு நாள் முன்னால் போக வேண்டுமா?
– வாசகர், காஞ்சிபுரம்

பதில்: வேண்டும். நவம்பர், டிசம்பர் சென்னைக்குப் புயல் மாதங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நம் விமான நிலையம் நாட்கணக்கில் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயலின்போதும், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலின்போதும் மூடினார்கள். டெல்லி வழியாக டிக்கெட் போட்டிருந்தால் அங்கே மூடுபனி. பொங்கல் விடுமுறையில் போகிறவர்கள் போகி அன்று காலை விமானத்தைத் தவிருங்கள். புகையும் பனியும் சேர்ந்து ஓடுதளம் தெரியாமல் போகும்.

காப்பீடு பணத்தைத் திருப்பித் தரலாம், கப்பலைத் திருப்பாது. உங்கள் பாலிசியில் 'மிஸ்டு கனெக்‌ஷன்' என்ற பிரிவை எடுத்துப் படியுங்கள். சில பாலிசிகளில் அது அடுத்த விமானத்தைத் தவறவிட்டால் மட்டும்தான். கப்பல் என்ற சொல்லே இருக்காது. எத்தனை மணி நேரத் தாமதத்துக்கு மேல் பொருந்தும், நடுவில் குறைந்தது எவ்வளவு இடைவெளி விட்டிருக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கும். அந்த இடைவெளியை விடாமல் டிக்கெட் போட்டிருந்தால் கோரிக்கையைத் தள்ளிவிட இடமுண்டு. தாமதம் நேர்ந்தால், காரணத்தையும் மணிக்கணக்கையும் எழுதிய கடிதத்தை விமான நிறுவனத்திடம் அன்றே, நிலையத்திலேயே வாங்கிவிடுங்கள். ஊர் திரும்பியபின் கேட்டால் அது கைக்கு வர வெகுநாள் அலைய வேண்டியிருக்கும்.